ஏகாரத்துக்கு இங்கிலீசு தேடிய நாட்கள்

இஞ்சாருங்கோ,

கலியாணம் முடிந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கடைசியாகக் கூப்பிட்டது வரை உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தின் தலையில் வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வருடத் திவசத்துக்கு உங்கள் நினைவாக ஏதாவது எழுதித் தரும்படி இங்கே தமிழ்ப் பத்திரிகை நடத்துகிறவர் கேட்டார். ஆகவே இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். உங்களைப் பற்றிக் கண்டியில் பாதிக் கதைதான் உலாவுகிறது. மீதியை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

முதலில் வீட்டுச் செய்தி. கட்டுக்கலை வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். மகள் சரசு வளர்ந்துவிட்டாள். காலையில் பேராதனை வீதியால் நடந்து பள்ளிக்கூடம் போகிறாள். போன கிழமை வகுப்பில் 'டிசாஸ்டர்' என்ற சொல்லுக்குக் கருத்துக் கேட்டார்களாம். பேரழிவு என்று சொல்லாமல், அதன் வேரைப் பிடித்துக் கெட்ட நட்சத்திரம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஆசிரியை சிரித்தாராம். "அப்பா சொன்னவர் எண்டு சொன்னன் அம்மா. பிறகு அவ சிரிக்கேல்லை" என்றாள். அவள் உங்கள் மடியில் இருந்து கேட்டது அது. எப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தாளோ.

உங்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் கண்டிக் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், தமிழ் மொழிபெயர்ப்பாளர். சாட்சிக்காரர் தமிழில் சொல்வதை நீதவானுக்கு இங்கிலீசில் சொல்ல வேண்டும், நீதவான் கேட்பதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்காக வந்த நமக்கு முதல் வருடம் தேயிலைத் தோட்டத்துத் தமிழே புதிதாக இருந்தது. "வாங்க, போங்க எண்டு எவ்வளவு மரியாதையாக் கதைக்கினம், பறுவதம். கூண்டிலை நிண்டுகொண்டும் மரியாதையாக் கதைக்கினம்" என்று ஒருநாள் சொன்னீர்கள்.

அந்த அகராதி வந்த நாள் நினைவிருக்கிறதா? கலஹாப் பக்கத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். எல்லாரும் கதிரைக்கும் அலுமாரிக்கும் விலை கேட்க, நீங்கள் அட்டை பிய்ந்த ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

"நான் கதிரையல்லோ கேட்டனான்?"

"இதுக்கு மேலையும் இருக்கலாம். அவ்வளவு தடிப்பு."

ஆனால் அதன்மேல் யாரும் இருக்கவில்லை. காலையில் நான் பிட்டுக்கு மா குழைக்கும்போது, நீங்கள் குசினி வாசலில் பலகை போட்டு இருந்து வாசிப்பீர்கள். முதல்நாள் கோட்டில் கேட்ட பெரிய சொல் ஒன்றைத் தேடி எடுப்பீர்கள். கருத்தோடு நிறுத்தாமல், பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் வேரையும் வாசிப்பீர்கள். லத்தீன், கிரேக்கம், பழைய இங்கிலீசு. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசு அரைகுறை. ஆனாலும் கேட்கக் கேட்க ஆசை வந்தது. பிறகு பிறகு நானே பகலில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நீங்கள் வந்ததும் கேள்வி கேட்கத் தொடங்கினேன்.

"ஓர் ஆளை அறிஞ்சுகொள்ள எந்த ஊர், எந்தப் பகுதி எண்டு கேக்கிறம். சொல்லை மட்டும் ஏன் கேக்காமல் விடுறது?" என்பீர்கள்.

'அலிபாய்' என்று வழக்காடுகிற அப்புக்காத்துமார் அடிக்கடி சொல்கிற சொல்லுக்கு 'வேறிடத்தில்' என்பதுதான் அர்த்தம் என்று அறிந்த நாளில் இருவருக்கும் ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு சின்னச் சொல்லா என்று. சில சொல்லுக்குப் பக்கத்தில் அரபு என்று இருக்கும். அதை வீட்டுச் சொந்தக்காரரான அக்குறணை ஹாஜியாரிடம் கொண்டுபோவீர்கள். 'மேகசின்' என்பது அரபிலிருந்து வந்தது என்றதும் அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "மக்ஸன் தம்பி, மக்ஸன். சாமான் போட்டு வெக்கிற பண்டசாலை. ஏன்ட கடைக்குப் பின்னால ஈக்கிதே, அது" என்றார். அதன்பிறகு வரும்போதெல்லாம், "இண்டைக்கு எங்கட சொல்லு ஏதும் அம்பிட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவார்.

நம்முடைய சொற்களும் அகப்பட்டன. சுருட்டு, கட்டுமரம், மிளகுதண்ணீர். அவற்றை வாசித்தபோது சிரித்தோம். 'கூலி' வந்த அன்று சிரிக்கவில்லை. தமிழ்ச் சொல்லாக இருக்கலாம் என்று அகராதி சந்தேகத்தோடு சொன்னது.

"நாங்கள் சம்பளத்துக்கு வைச்ச பேர். அவையள் அதை எடுத்து ஆளுக்கு வைச்சிட்டினம்" என்றீர்கள். அதற்குப் பிறகு கோட்டில் அந்தச் சொல்லை உங்கள் வாயால் சொல்வதில்லை. வேலையாள் என்றே சொன்னீர்கள். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி அங்கம்மாவின் வழக்கைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நீங்கள் கோட்டால் வந்து சட்டையைக் கழற்றாமல் விறாந்தையிலேயே இருந்துவிட்டீர்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகுதான் கதை வெளியே வந்தது.

அங்கம்மா கலஹாப் பக்கத்து ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வயது இருபதைத் தாண்டியிருக்காது. புருஷன் அவளை விட்டுப் போய்விட்டான். கையில் ஒரு பெண்குழந்தை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், காய்ச்சல்காரப் பிள்ளையை எடுக்க மாட்டோம் என்றார்கள். வேலைக்கு வராவிட்டால் வேலைப் புத்தகத்திலிருந்து பேர் வெட்டுவேன் என்று கங்காணி சொன்னான். குளிருக்குக் கம்பளியால் போர்த்தி, லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் தன் காம்பராவில் குழந்தையைக் கிடத்திவிட்டு மலைக்கு ஏறினாள். மத்தியானம் வந்து பார்த்தபோது குழந்தைக்கு மூச்சில்லை.

நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் கத்தியதை லயமே கேட்டது. தோட்டத்துக் கிளாக்கரும் கேட்டார். புருஷன் இல்லாதவள், பிள்ளை பாரமாகியிருக்கும் என்று யாரோ முடிச்சுப் போட்டார்கள். பொலிஸ் வந்தது. கிளாக்கர் கோட்டில் இங்கிலீசில் சாட்சி சொன்னார்: தன் பிள்ளையைத் தானே கொன்றதாக இவள் சொன்னாள் என்று.

அவரிடம் ஏதும் கேட்க இருக்கிறதா என்று நீதவான் அவளைக் கேட்டார். நீங்கள் அதைத் தமிழில் சொன்னீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்து அதே வார்த்தையைத்தான் திரும்பவும் சொன்னாள்.

"என் புள்ளய நானே கொன்னுட்டேனே, சாமி."

என்ன சொல்கிறாள் என்று நீதவான் கேட்டார். நீங்கள் பேசவில்லை. மறுபடியும் கேட்டார்.

"ஐயா, சொற்களின்படி பார்த்தால், என் பிள்ளையை நானே கொன்றேன் என்று வருகிறது. ஆனால் அவள் சொல்வது அதுவல்ல" என்றீர்கள்.

வழக்கு நடத்திய இன்ஸ்பெக்டர் எழும்பி, மொழிபெயர்ப்பாளர் சாட்சிக்காரர் அல்லவே என்றார். நீதவான் பேனையைக் கீழே வைத்தார். நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். சொல்லுக்கு ஓர் அர்த்தமும் சொல்கிறவளுக்கு ஓர் அர்த்தமும் இருக்குமானால், சொல்கிறவளின் அர்த்தத்துக்கு எனக்கு ஓர் இங்கிலீசுச் சொல் தாருங்கள், அதுவரை நான் காதால் கேட்டதைத்தான் பதிய முடியும் என்று கூறி வழக்கைத் தவணை போட்டார். அங்கம்மாவைப் போகம்பறைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

"ஓர் எழுத்து, பறுவதம்" என்றீர்கள் என்னிடம். "கொன்னுட்டேன் எண்டால் குற்றத்தை ஒப்புக்கொள்ளுறது. கொன்னுட்டேனே எண்டால் ஒப்பாரி. அந்தக் கடைசி ஏ இருக்கே, அதுக்கு இங்கிலீசிலை சொல்லில்லை. நான் சொல்லாட்டில் அந்தப் பெட்டையைத் தூக்குக்கு அனுப்பிப் போடுவாங்கள்."

அந்த நாட்களில் நாம் வாசித்ததைப் போல் வேறு எப்போதும் வாசித்ததில்லை. இன்பமாக இருந்த ஒன்று பயமாக மாறியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் என்கிற 'கன்பெஸ்' என்ற சொல்லில் தொடங்கினீர்கள். பேசுதல் என்று அதன் வேர் போயிற்று. 'லமென்ட்' என்று பார்த்தீர்கள். புலம்பல். நல்ல சொல்தான். ஆனால் எதை நினைத்துப் புலம்புகிறாள், கொன்றதை நினைத்தா என்று இன்ஸ்பெக்டர் கேட்பார் என்றீர்கள். 'ரிமோர்ஸ்' என்று நான் வாசித்தேன். செய்ததை எண்ணி வருந்துதல். திரும்பத் திரும்பக் கடித்தல் என்று அதற்கு வேர். கேட்டதும் தலையை ஆட்டினீர்கள். "அது குற்றம் செய்தவனுக்குரிய சொல்லு. வேண்டாம்."

ஒரு காலையில் நான் தற்செயலாக 'இன்பன்ட்' என்ற பக்கத்தில் நின்றேன். கைக்குழந்தை. அதன் வேர் பேசாதது என்று போட்டிருந்தது. 'கன்பெஸ்' போன அதே வேருக்குத்தான் அதுவும் போயிற்று. உங்களிடம் காட்டினேன். நீங்கள் அந்த வரியில் விரலை வைத்தீர்கள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"நீரும் அப்பிடித்தானே சொன்னீர்?"

எனக்குப் புரிந்தது. நமக்கு முதலில் பிறந்தது சரசு அல்ல. அவளுக்கு முன் ஒரு மகன் இருந்தான். யாழ்ப்பாணத்தில், என் தாய்வீட்டில், தவழத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்கு முதல்நாள் மழைக்குள் அவனைக் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போனது நான். "என்ரை பிள்ளையை நான்தானே கொன்றனான்" என்று சுவரில் தலையை மோதிக்கொண்டு எத்தனை நாள் சொன்னேன். நீங்கள் என் தலைக்கும் சுவருக்கும் நடுவில் உங்கள் கையை வைத்தீர்கள். ஒருவரும் என்னைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. கொலைகாரி என்று ஒருவரும் நினைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாருக்கும் தமிழ் தெரிந்திருந்தது.

அவனைப் பற்றி நாம் கண்டிக்கு வந்த பிறகு பேசியதில்லை. அன்றுதான் பேசினோம். நான் அழுது முடித்துவிட்டு, ஏனென்று தெரியாமல், பிள்ளை இழந்தவரை இங்கிலீசில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். 'பிரீவ்ட்' என்றீர்கள். மரண அறிவித்தல்களில் வருகிற சொல், எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதன் வேரை நாம் பார்த்ததே இல்லை. புரட்டிப் பார்த்தேன். பழைய இங்கிலீசில், கொள்ளையடிக்கப்படுதல்.

"பறிகொடுத்தது" என்றேன்.

நீங்கள் எழும்பி நின்றுவிட்டீர்கள். "திரும்பச் சொல்லும்."

"பிள்ளையைப் பறிகொடுத்தது. நாங்களும் அப்பிடித்தானே சொல்லுறம்."

தவணை நாளன்று என்னையும் வரச் சொன்னீர்கள். "சொல்லைக் கண்டுபிடிச்சது நீர். எங்கட பிள்ளையைப் பற்றியும் அங்கை சொல்ல வேண்டி வரும். சொல்லட்டோ?" என்று வாவிக்கரையில் நடந்து போகும்போது கேட்டீர்கள். நான் ஓம் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீங்கள் நின்று இன்னொருமுறை கேட்டீர்கள். இந்த முறை கேட்கும்படி ஓம் என்றேன்.

கோட்டு விறாந்தையில் யன்னலோரமாக நின்றேன். கூண்டில் அங்கம்மாவைக் கண்டேன். சின்ன உருவம். முந்தானையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அது நனைந்திருந்தது. ஏன் நனைந்தது என்று அங்கிருந்த ஆண்களில் யாருக்கும் விளங்கியிருக்காது. குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டி வழிவது என்னவென்று எனக்குத் தெரியும்.

விடை இருக்கிறதா என்று நீதவான் உங்களைக் கேட்டார்.

"ஏகாரத்துக்கு ஒரே சொல் இல்லை, ஐயா. ஆனால் இந்தப் பேச்சை நான் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். என் வீட்டில், என் மனைவி சொன்னாள்" என்றீர்கள். சபையில் சலசலப்பு. இன்ஸ்பெக்டர் மறுபடி எழும்பினார். நீதவான் கையமர்த்தி, உங்கள் மனைவி எங்கே என்று கேட்டார். நீங்கள் யன்னலைக் காட்டினீர்கள். அழைத்து வரச் சொன்னார். அது நாம் எதிர்பாராதது.

சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் எடுத்தேன். தமிழில் சொல்வதானால் உங்கள் கணவர் மொழிபெயர்க்க முடியாது, வேறொருவரைக் கூப்பிட வேண்டும் என்றார் நீதவான். இங்கிலீசிலேயே சொல்கிறேன் என்றேன். உங்கள் முகம் மாறியதைக் கண்டேன்.

"உங்கள் பிள்ளையை நீங்கள் கொன்றீர்களா?"

"இல்லை, ஐயா. காய்ச்சல் கொண்டுபோனது."

"அப்படியானால் கொன்றேன் என்று ஏன் சொன்னீர்கள்?"

படித்து வைத்த பெரிய சொற்கள் எல்லாம் அந்த நேரம் எங்கோ போய்விட்டன. சின்னச் சொற்கள்தான் கைக்கு வந்தன.

"பிள்ளை என் கையில் இருந்தது, ஐயா. பிறகு இல்லை. வேறு யாரைச் சொல்வது?" என்றேன். நீதவான் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலும் சொன்னேன். "பிரீவ்ட் என்று உங்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. கொள்ளை கொடுத்தவர் என்று அதன் பழைய அர்த்தம். எங்கள் மொழியிலும் அப்படித்தான். வீட்டில் களவுபோனால் வீட்டுக்காரி என்ன சொல்வாள்? கதவைப் பூட்டாமல் விட்டேனே, நானே கெடுத்தேனே என்பாள். அதைக் கேட்டு அவளைக் கள்ளி என்று யாரும் பிடிப்பதில்லை. இந்தப் பெண் களவுகொடுத்தவள், ஐயா."

"களவுகொடுத்தவள்" என்று அவர் மெல்லத் தனக்குள் திருப்பிச் சொன்னார். பிறகு எழுதினார்.

அதன்பின் டாக்டர் வந்து, பிள்ளையின் உடம்பில் காயமோ அழுத்தியதன் அடையாளமோ இல்லை, காய்ச்சலில் கிடந்த பிள்ளை போர்வைக்குள் மூச்சுத் திணறி இறந்திருக்கிறது என்று சொன்னார். மத்தியானத்துக்குள் அங்கம்மாவை விடுவித்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த கிழவர் ஒருவர் அவளைக் கைபிடித்து பஸ் நிற்கும் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நடுங்கினதே?" என்று வழியில் கேட்டீர்கள்.

"இல்லை."

"எனக்கு நடுங்கினது" என்றீர்கள்.

ஊரில் உலாவுகிற பாதிக் கதை இதற்குப் பிறகு தொடங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருபக்கம் சாய்ந்தார், பெண்சாதியைக் கூண்டில் ஏற்றினார் என்று யாரோ மேலிடத்துக்கு மனுப் போட்டார்கள் என்பது உண்மை. அடுத்த வருடம் உங்களைக் குருநாகல் பக்கம் மாற்றினார்கள் என்பதும் உண்மை. ஒன்றால்தான் மற்றது வந்ததா? நீங்கள் உயிரோடு இருந்தவரை, "ஆர் கண்டது, மாத்தம் எல்லாருக்கும் வாறதுதானே" என்றுதான் சொன்னீர்கள். எனக்கு இன்றைக்கும் விடை தெரியாது.

அந்த வருடம் அந்தப் பகுதியில் மலேரியா. ஊர் ஊராகச் சனம் செத்தது. கண்டியிலேயே தங்கிவிட்ட எங்களைப் பார்க்க ஒரு விடுமுறைக்கு வந்தபோது மெலிந்திருந்தீர்கள். சரசுவை மடியில் வைத்துக்கொண்டு மலேரியா என்ற அந்தச் சொல்லைச் சொன்னீர்கள். "கெட்ட காற்று எண்டு அர்த்தம், மோனை. அந்தக் காலத்து ஆக்கள் காற்றாலை வாறதெண்டு நினைச்சவை. நுளம்பாலை எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பிழையான பேரை ஒருதரும் மாத்தேல்லை." அதுதான் நீங்கள் அவளுக்குச் சொன்ன கடைசிச் சொல்.

அடுத்தமுறை உங்களை வான் வண்டியில் கிடத்திக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் என்னை விறாந்தைக்கு அழைத்து, உங்கள் நிலை 'கிரேவ்', மிக மோசம் என்று இங்கிலீசில் சொன்னார். அந்தச் சொல் நாம் படித்தது. பாரம் என்பது அதன் வேர். புதைகுழிக்கும் அதே சொல், ஆனால் அதன் வேர் வேறு, தோண்டுதல் என்பது. இரண்டும் ஒன்றல்ல, பார்க்கத்தான் ஒன்றுபோல இருக்கும் என்று ஒரு காலையில் நீங்கள் சொல்லித் தந்தீர்கள். அந்த நேரத்திலும் என் மனதில் அதுதான் வந்தது. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று உள்ளே ஓடிவந்தேன். இஞ்சாருங்கோ என்று கூப்பிட்டேன். நீங்கள் கண் திறக்கவில்லை.

ஈமக்கிரியையும் செலவும் முடிந்ததும் உங்கள் அண்ணர் எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். யாழ்ப்பாணத்தில் அறை ஒன்று ஒழுங்கு செய்திருந்தார். நல்ல மனதோடுதான் வந்தார். தனியே ஒரு பொம்பிளை இங்கே என்ன செய்வது என்று கேட்டார். அப்போது ஹாஜியார் படியில் நின்றபடி, "நீங்க ஈக்கிற வரைக்கும் இது ஒங்கட ஊடு, தங்கச்சி. போறதும் ஈக்கிறதும் ஒங்கட விருப்பம்" என்றார். நான் இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டுக்குத் தமிழும் இங்கிலீசும் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். எடுத்துக்கொண்டார்கள். டாக்டருக்கும் நேர்சுமாருக்கும் தோட்டத்துப் பெண்கள் சொல்வதை எடுத்துச் சொல்வது என் வேலை. உங்கள் வேலைதான், ஒரு வகையில்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். போன மாதம், பிள்ளைப்பேற்றுக்கு வந்த ஒருத்திக்குத் துணையாக ஒரு பெண் வந்திருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போனதும் எழும்பி நின்றாள்.

"அம்மா, நீங்க கோட்டுல பேசுனவங்கதானே? நான் அங்கம்மா."

உடம்பு சற்றுத் தேறியிருந்தாள். வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டாளாம். உங்களைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அன்னிக்கு அவரும் நீங்களும் இங்கிலீசுல என்னம்மா பேசுனீங்க? எனக்கு யாரும் சொல்லல. போ-ன்னாங்க, போயிட்டேன். எதுக்குப் புடிச்சாங்க, எதுக்கு விட்டாங்கன்னு இன்னும் வெளங்கல. கேக்கவும் பயம்."

அவளுடைய உயிரைப் பற்றிய பேச்சு முழுவதும் அவள் தலைக்கு மேலால் நடந்திருக்கிறது. அவளுக்காக ஒரு சொல்லை நாள் நாளாகத் தேடினோமே, தேடி எடுத்ததை அவளிடம் சொல்ல நம் இருவருக்கும் தோன்றவில்லையே.

விறாந்தை வாங்குப் பலகையில் அவளை இருத்தி, தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிளாக்கர் என்ன சொன்னார், நீங்கள் ஏன் வாய்மூடி நின்றீர்கள், நீதவான் என்ன கேட்டார் என்று. "நீ பிள்ளையைப் பறிகொடுத்தவள் எண்டு சொன்னம். நானும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தனான், உன்னைப் போலத்தான் நானும் சொன்னனான் எண்டு சொன்னன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் கையைப் பிடித்தாள்.

"ஒங்க புள்ள ஆணா பொண்ணாம்மா? பல்லு மொளைச்சிருந்துச்சா?"

நம் மகனைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒருவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல்தரம். ஆண் என்றேன். கீழே இரண்டு பல்லு என்றேன். தன் பிள்ளைக்கும் இரண்டு பல்லுத்தான் என்றாள் அவள். பேர் லெச்சுமியாம். கோட்டில் அந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை. வாட்டில் மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் அந்தப் பிள்ளைகளைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம். இடையில் யார் அழத் தொடங்கியது என்று தெரியவில்லை.

அடுத்த நாளிலிருந்து வாட்டில் என் வேலை கொஞ்சம் கூடிவிட்டது. நோயாளி சொல்வதை டாக்டருக்குச் சொல்வதுதான் என் சம்பளத்துக்குரிய வேலை. டாக்டரும் நேர்சும் கட்டில் தலைமாட்டில் நின்று தங்களுக்குள் இங்கிலீசில் பேசிக்கொள்வதை நோயாளிக்குச் சொல்லும்படி யாரும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். அவர்கள் நகர்ந்ததும் கட்டிலருகே குனிந்து, "உன்னைப் பற்றி இப்ப என்ன சொன்னவை தெரியுமோ?" என்று தொடங்குவேன். நல்லதென்றாலும் கெட்டதென்றாலும் சொல்கிறேன். நேர்சுமாருக்குத் தலைவியான மேற்றன் ஒருமுறை முறைத்தார். முறைக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எனக்குக் காது கேட்கிற வரைக்கும், வாய் இருக்கிற வரைக்கும், என் முன்னால் ஒரு பெண்ணைப் பற்றி அவளுக்கு விளங்காத மொழியில் சொல்லப்படுகிற எதையும் அவளுக்குச் சொல்லாமல் விடமாட்டேன். சொல் கிடைக்காவிட்டால் தேடுவேன். தேடியும் கிடைக்காவிட்டால், இருக்கிற சின்னச் சொற்களைச் சேர்த்தாவது சொல்வேன். சரசுவையும் அப்படியே வளர்ப்பேன். தனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்று இந்தக் கிழமைதான் அவளுக்குச் சொன்னேன். பெயரைக் கேட்டாள். எழுதிக் காட்டினேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும் நம் இரண்டு பிள்ளைகளின் தாயுமாகிய
பறுவதம்